ஏழு சாமுராய்களும் எட்டு நிமிஷமும்

படம் பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் படத்தைப் போடும், பார்க்கும், 'பரவாயில்லை' என்றோ 'தண்டம்' என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். இரண்டாவது ரகம் அதே படத்தை இன்னொரு தேசத்திலிருந்தும் வரவழைக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, கதாநாயகி கண்ணீர் விடுகிற இடத்தில் நிறுத்தி, கண்ணீரை விட்டுவிட்டு அவள் காதோரத்து முடி பிரிந்து தெரிகிறதா என்று கிட்டப்போய்ப் பார்க்கும். இந்த ரகத்துக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பது என் மாமியாரின் கருத்து. கொடுத்த பிறகுதான் சொன்னார்.

எங்கள் வீட்டு அலமாரியில் அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் வந்த டிவிடி ஒன்று. அதே கம்பெனி புதிதாக டிரான்ஸ்ஃபர் செய்து 2006இல் போட்ட மூன்று டிஸ்க் பெட்டி ஒன்று. லண்டனிலிருந்து வந்த டிவிடி ஒன்று. பிறகு ப்ளூரே. விருந்தாளிகள் யாராவது அலமாரியைப் பார்த்து, "என்ன படம்மா இது, இத்தனை இருக்கு?" என்று கேட்டால் என் மனைவி, "இருபத்தெட்டு சாமுராய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். பெருக்கல் தப்பாது.

"எல்லாம் ஒரே படந்தானே சார்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் காபி கொடுத்து உட்காரவைத்துப் பதில் சொல்வேன். அதனால்தான் இப்போது யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

சினிமா ஃபிலிம் ஓடுவது செகண்டுக்கு 24 ஃபிரேம். டிவிடி வந்த காலத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டிவிக்கு என்டிஎஸ்சி முறை. அங்கே ஒரு ஃபிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று காட்டி எப்படியோ கணக்கை நேர்செய்து, படத்தை அதன் வேகத்திலேயே ஓட்டிவிடுவார்கள். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் பால் முறை (மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அது செகண்டுக்கு 25. அவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. இருபத்து நாலை இருபத்தைந்தாகவே ஓட்டிவிட்டார்கள். அதனால் பால் டிவிடியில் எந்தப் படமும் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடும். 207 நிமிஷ 'செவன் சாமுராய்' 199 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஒரு காட்சி வெட்டியிருக்காது, ஒரு வசனம் போயிருக்காது. எல்லோரும் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள், கொஞ்சம் வேகமாகச் சாவார்கள், அவ்வளவுதான். கூடவே குரலும் ஏறும். சுருதியைச் சரிசெய்யாமல் விட்டால் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே போய்விடும். அதில் தொஷிரோ மிஃபுனே கர்ஜிக்கிற கர்ஜனையை அரைக்கட்டை ஏற்றிக் கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று நான் என் மனைவிக்கு உருக்கமாக எடுத்துச் சொன்னேன்.

அவள் காயை நறுக்கிக்கொண்டே மனக்கணக்குப் போட்டாள். "எட்டு நிமிஷத்துக்கு மேல மிச்சமாகுது, இல்ல?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் என் வீட்டுக்குள்ளேயே ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப லண்டன் டிஸ்கையே போடுங்க. எட்டு நிமிஷத்துல ஒரு ஈடு இட்லி வெந்துரும்."

ரீஜன் கோடு என்று ஒரு சமாச்சாரம் உண்டு, தெரிந்திருக்கும். டிவிடிக்காரர்கள் உலகத்தை ஆறு துண்டாகப் போட்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. சிங்கப்பூர்ப் பக்கம் 3. ஆஸ்திரேலியா 4. நாம் 5. சீனா 6. ஒரு ரீஜன் டிஸ்க் இன்னொரு ரீஜன் பிளேயரில் ஓடாது. நான் சொந்தக்காரர்களையும் இந்த அடிப்படையில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அக்கா மகன் நியூஜெர்சி, ரீஜன் 1. மச்சான் லண்டன், ரீஜன் 2. கொழுந்தியாள் மெல்போர்ன், ரீஜன் 4. ஒரு சமயம் மச்சினன் மகளுக்கு டோக்கியோ மாப்பிள்ளை ஒருவன் வரனாக வந்தான். எல்லோரும் நட்சத்திரம் கேட்டார்கள், சம்பளம் கேட்டார்கள். ஜப்பான் ரீஜன் 2தான், ஆனால் என்டிஎஸ்சி, அதாவது படம் சரியான வேகத்தில் ஓடும். அந்த வகையில் உத்தமமான இடம். ஆனால் உள்ளூருக்கென்று போடுகிற டிஸ்கில் பெரும்பாலும் இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்காது. அதனால் நான் அந்தச் சம்பந்தத்தில் அதிக ஆர்வம் காட்டவில்லை.

கம்ப்யூட்டரில் உள்ள டிவிடி டிரைவுக்கு ரீஜனை மாற்றிக்கொள்ளும் சலுகை உண்டு. ஆனால் ஐந்தே தடவை. ஐந்தாவது தடவை எதில் நிற்கிறதோ, ஆயுசுக்கும் அதில்தான் நிற்கும். நான் அமெரிக்கா, லண்டன், மறுபடி அமெரிக்கா என்று தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்த காலத்தில், கொழுந்தியாள் மெல்போர்னிலிருந்து பீட்டர் வியரின் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' அனுப்பினாள். ஆசையாக அனுப்பியதை அன்றைக்கே பார்க்காவிட்டால் மரியாதையில்லை. பார்த்தோம். அன்றிலிருந்து என் கம்ப்யூட்டர் ஆஸ்திரேலியப் பிரஜை.

இன்னொன்று சொல்லவேண்டும். டைரக்டர்ஸ் கட் என்று மறுபடி வெளியிடுகிறவர்கள் வழக்கமாகப் படத்தை நீட்டுவார்கள். பீட்டர் வியர் 1975இல் எடுத்த அந்தப் படத்தைப் பிற்பாடு தன் கையாலேயே சில நிமிஷங்கள் குறைத்து வெளியிட்டவர். உலக சினிமாவில் என் மனைவி முழு மனதோடு மதிக்கும் ஒரே இயக்குநர் அவர்தான்.

பேர் பெற்ற கம்பெனியின் விலை உயர்ந்த பிளேயர் ஒன்று வாங்கினேன். வெளியூர் டிஸ்கைப் போட்டால் திரையில் மரியாதையாக மறுப்புத் தெரிவித்துவிட்டுத் தட்டை வெளியே துப்பியது. தெருமுனைக் கடையில் அட்டைப்பெட்டியில் பெயர்கூடச் சரியாக அச்சடிக்காத ஒரு பிளேயர் கிடைத்தது. அது எந்த நாட்டு டிஸ்கைப் போட்டாலும் கேள்வி கேட்காமல் ஓட்டியது. அதற்கும் முன்னால் பர்மா பஜார் காலம். அங்கே ரீஜன் கிடையாது, ரசீதும் கிடையாது.

நம்முடைய படங்களை ஏன் ஒப்பிடுவதில்லை என்று கேட்பீர்கள். ஒப்பிட ஏதாவது இருந்தால்தானே? 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலில் சுத்தம் செய்து தியேட்டருக்கு வந்து கூட்டம் அலைமோதியது. அது ஒரு நல்ல காலம். அதற்கு முன்பு விசிடி யுகத்தில் 352க்கு 288 புள்ளிகளில் மகாபாரதம் முழுவதையும் அடக்கியிருந்தார்கள். டிவிடி வந்த பிறகும் எந்தக் கடையில் வாங்கினாலும் அதே தேய்ந்த பிரிண்ட், அதே கோடுகள். டிஸ்க் போட்டவரின் முத்திரை வலது மூலையில் இருக்கிறதா, இடது மூலையில் இருக்கிறதா என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்வது? ஆகவே என் ஆராய்ச்சி வெளியூரோடு சரி.

என் ஆராய்ச்சிக்குப் பெரிய இடைஞ்சல் என் மனைவிதான். விமர்சனமே செய்யமாட்டாள். கேள்விதான் கேட்பாள்.

'பேட்டன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் அகல ஃபிலிமில் எடுத்த யுத்தப் படம். ஃபிலிமில் உருவம் பதிவதே நுண்ணிய துகள்களால்தான். அந்தத் துகள்கள் திரையில் லேசாகத் துள்ளிக்கொண்டிருப்பதைத்தான் கிரெய்ன் என்கிறோம். ப்ளூரே வந்த புதிதில் சில கம்பெனிகளுக்கு அதைக் கண்டால் ஆகவில்லை. புது டிவி வாங்கினவன் 'என்ன பொரிப்பொரியாக இருக்கிறது' என்று கேட்டுவிடுவானோ என்ற பயத்தில் கம்ப்யூட்டரால் துடைத்துத் தள்ளினார்கள். கிரெய்னைத் துடைத்தால் கூடவே தோலின் சுருக்கமும் மயிர்க்காலும் போய்விடும். 2008இல் வந்த 'பேட்டன்' ப்ளூரே அப்படித்தான் வந்தது. ரசிகர்கள் கூச்சல் போட்டு, 2012இல் ஒழுங்காகச் செய்து மறுபடி வெளியிட்டார்கள். நான் இரண்டையும் வாங்கிவைத்து ஜெனரலின் முகம் கிட்டத்தில் வருகிற இடத்தில் நிறுத்தினேன். முதல் டிஸ்கில் ஜார்ஜ் சி. ஸ்காட்டின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. யுத்தகளத்தில் வெயிலில் காய்ந்த மனுஷன்.

"பார், எப்படிக் கெடுத்துவைத்திருக்கிறார்கள்" என்றேன்.

அவள் கிட்ட வந்து பார்த்தாள். "இவரு என்ன க்ரீம் போடுறாரு?"

அடுத்தது 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. செர்ஜியோ லியோனே 1966இல் எடுத்தது. 2014இல் இத்தாலியில் 4கேயில் ஸ்கேன் செய்து புது ப்ளூரே வந்தது. கூர்மையில் பழைய டிஸ்குகள் கிட்டவே வரமுடியாது. அது வாஸ்தவம். ஆனால் படம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டார்கள். வானம் மஞ்சள், மேகம் மஞ்சள், பல் மஞ்சள். பாலைவனத்தில் வெள்ளைச் சட்டை போட்டவன் ஒருவன்கூட வெள்ளையாக இல்லை. நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து இதைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்:

"யாருக்குங்க காமாலை? மூணு பேருக்குமா?"

நல்லவன், கெட்டவன், அசிங்கமானவன் மூன்று பேருக்கும்தான். 2017இல் அமெரிக்காவில் இன்னொரு பதிப்பு வந்து மஞ்சளைக் கொஞ்சம் இறக்கினார்கள். வாங்கினேன். அந்தப் படத்தில் வேறு ஒரு கூத்தும் உண்டு. அமெரிக்காவில் ஓட்டும்போது வெட்டிய சில காட்சிகளை 2003இல் மறுபடி சேர்த்தபோது அவற்றுக்கு இங்கிலீஷ் குரல் இல்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட்டையும் ஈலை வாலக்கையும் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். ஈஸ்ட்வுட்டுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, வாலக்குக்கு எண்பது தாண்டிவிட்டது. லீ வான் கிளீஃப் 1989இலேயே காலமாகிவிட்டதால் அவருக்கு வேறு ஒருவர் பேசினார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காட்சியின் நடுவே வாலிபர்களுக்குத் தாத்தா குரல் வந்துவிட்டு, அடுத்த காட்சியில் மறுபடி இளமை திரும்பிவிடும். மோனோ ஒலி எந்த டிஸ்கில் நன்றாக இருக்கிறது, புதிதாக அமைத்த 5.1 ஒலியில் எந்தெந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பாவம், இவருக்குத் தொண்டை கட்டிருச்சா?" என்று கேட்டபோது எல்லாம் மறந்துபோயிற்று.

சில சமயம் எனக்கே சந்தேகம் வரும். சரியான கலர் எது என்று யார் சொல்வது? படம் எடுத்தவரைத்தான் கேட்கவேண்டும் என்பீர்கள். வில்லியம் ஃப்ரீட்கினைக் கேட்டார்கள். அவர் 'தி ஃபிரெஞ்சு கனெக்‌ஷன்' படத்தின் 2009 ப்ளூரேக்குத் தானே உட்கார்ந்து கலரை வெளிறவைத்து, மங்கலாக்கி, வேறு படமாக்கிவிட்டார். ஒளிப்பதிவு செய்த ஓவன் ராய்ஸ்மேன் பகிரங்கமாகவே கண்டித்தார். 2012இல் மறுபடி ஒரு பதிப்பு வந்தது, பழைய நிறத்தை ஒட்டி. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் சண்டை போட்டால் எனக்கு இரண்டு டிஸ்க் செலவு.

'இன் த மூட் ஃபார் லவ்' விஷயம் இன்னும் மோசம். வொங் கார்-வாய் 2000இல் எடுத்த ஹாங்காங் படம். மேகி சுங் ஒரு காட்சிக்கு ஒரு சியோங்சாம் என்று உடுத்திக்கொண்டு, நூடுல்ஸ் வாங்கப் படியிறங்கிப் போவாரே, அந்தப் படம். பழைய டிஸ்குகளில் அந்தச் சந்தும் சுவரும் உடுப்பும் சிவப்பும் தங்கமுமாக இருக்கும். 2021இல் இயக்குநரே மேற்பார்வை செய்த 4கே புதுப்பிப்பு ப்ளூரேயாக வந்தது. போட்டுப் பார்த்தால் எங்கும் ஒரு பச்சைச் சாயல்.

இங்கே என் மனைவியைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். பட்டுச்சேலை எடுக்கப் போனால் கடை வெளிச்சத்தை அவள் நம்பவே மாட்டாள். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்விடுவாள். பின்னாலேயே விற்பனைப் பையன் ஓடுவான், அவன் பின்னால் நான் ஓடுவேன். நடுரோட்டு வெயிலில் முந்தியை விரித்து, மடித்து, நிழலில் ஒரு தடவை பார்த்து, அரக்கு என்று கடைக்காரர் சொன்னதை மாம்பழக் கலரோடு ஒப்பிட்டு, "இது அரக்கு இல்ல தம்பி, வெங்காயக் கலர்" என்று தீர்ப்புச் சொல்வாள். எந்த நாட்டு லேபிலும் இப்படி ஒரு கண் கிடையாது. அதனால் இந்த ஒரு படத்துக்கு மட்டும் நானே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒரே காட்சி, இரண்டு டிஸ்க். இரண்டையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"ரெண்டாவதுல சாயம் இறங்கிருச்சு" என்றாள்.

"ஆனா அதுதான் சரியான கலர்னு டைரக்டரே சொல்றாரே."

"கடைக்காரர் சொல்றத வச்சா சேலை எடுப்பாங்க?"

நான் கலரை விட்டுவிட்டு அளவுக்கு வந்தேன். அளவில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை, டேப் வைத்து அளந்துவிடலாம். ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்', 1975. படத்தை 1.66 விகிதத்தில் எடுத்திருக்கிறேன், அப்படியே காட்டவேண்டும், எந்தக் காரணம் கொண்டும் 1.75ஐத் தாண்டக் கூடாது என்று தியேட்டர் ஆபரேட்டர்களுக்கே அவர் கடிதம் எழுதியிருந்தார். 2011இல் ப்ளூரே வந்தபோது அகன்ற டிவி முழுதும் நிறையும்படி 1.78இல் விட்டுவிட்டார்கள். அதாவது மேலேயும் கீழேயும் சேர்த்து நூற்றுக்கு ஆறேழு பங்கு காலி. குப்ரிக்கின் உதவியாளராக இருந்த லியோன் விட்டாலி இதுதான் சரி என்று வாதாடினார். அந்தப் படத்தில் கதாநாயகனோடு மல்லுக்கு நிற்கும் மாற்றாந்தாய்... இல்லை, மாற்றுத்தகப்பன் கொடுமைக்கு ஆளான மகனாக நடித்தவரும் அவரேதான். அப்புறம் அந்தப் பழைய கடிதம் வெளியே வந்தது. செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனபிறகு வாதத்தில் ஜெயித்தவர் குப்ரிக் ஒருவராகத்தான் இருப்பார். நான் உயிரோடு இருந்தும் முடியவில்லை.

2017இல் அமெரிக்காவில் 1.66லேயே ஒரு பதிப்பு வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது 43 இன்ச் டிவி. கணக்குப்படி இரண்டு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் சொச்சம் கருப்பாக நிற்கவேண்டும். மனைவியின் தையல் மிஷின் டிராயரில் ப்ளவுசுக்கு அளவெடுக்கும் டேப் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டூல் போட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கப் பட்டையை அளந்துகொண்டிருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மா துடைப்பத்தோடு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிவியை விக்கப் போறீங்களா சார்?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "டிவியை இல்ல. அவரை யாராவது கேட்டாச் சொல்லு."

சத்யஜித் ராய் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அவருடைய அபு படங்கள் மூன்றின் ஒரிஜினல் நெகடிவும் 1993இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் சிக்கிக்கொண்டன. கருகினது, உருகினது, சுருண்டது என்று மிஞ்சியதையெல்லாம் குப்பையில் போடாமல் அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமிக்காரர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். இருபது வருஷம் கழித்து அவை இத்தாலியில் பொலோன்யா நகரத்துக்குப் போயின. காய்ந்து மொறுமொறுத்துப்போன ஃபிலிமுக்கு ரசாயனத்தில் ஈரம் ஏற்றி, பிரித்து, ஓட்டை ஓட்டையாகக் கையாலேயே சரிசெய்து ஸ்கேன் பண்ணினார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகடிவிலிருந்தே கிடைத்தது. பாக்கியை வெவ்வேறு காப்பகங்களில் இருந்த பிரிண்டுகளிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். 2015இல் வெளிவந்தது.

'பதேர் பாஞ்சாலி'யின் பழைய டிவிடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே பேச்சு வரவில்லை. அக்காவும் தம்பியும் நாணல் காட்டுக்குள் ஓடி ரயிலைப் பார்ப்பார்களே, பழைய டிஸ்கில் அந்த நாணற்பூ எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டு. புதிதில் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாக ஆடுகிறது. அவற்றின் மேல் ரயிலின் கரும்புகை சுருள் சுருளாகப் படிவது தெரிகிறது. இந்த இடத்தில் சாதாரண மனுஷன் படத்தைப் பார்ப்பான். எனக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. எந்த ஷாட் தீயிலிருந்து மீண்டது, எது வேறு பிரிண்டிலிருந்து வந்தது என்று கண்ணாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். கிரெய்ன் கொஞ்சம் தடித்தால் வேறு பிரிண்ட், மெலிந்தால் நெகடிவ். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்ந்தேன். கூட என் மனைவியும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சீரியல் அன்றைக்கு இல்லை.

அந்த அக்கா துர்கா காய்ச்சலில் படுத்திருக்கும் ராத்திரி வந்தது. வெளியே புயல். ஜன்னல் திரை படபடக்கிறது, கதவு அடித்துக்கொள்கிறது, தாய்க்காரி பெண்ணை அணைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் திரையை நிறுத்தினேன். இரண்டு ஃபிரேம் பின்னால் போனேன். எழுந்து டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்று, கதவுக்குப் பக்கத்து இருட்டில் கிரெய்ன் மாறுகிறதா என்று பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அந்தப் புள்ள சாகக் கெடக்குது. நீங்க என்னங்க, புள்ளி எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க? நகருங்க!"

நகர்ந்தேன். மீதிப் படத்தை அவள் பார்த்தாள். நான் அவளுக்குக் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு டிஸ்கும் வந்து சேருகிற கடைசி இடம் டிவி. அங்கேதான் உண்மையான யுத்தம். கடையில் வைத்திருக்கும்போது பக்கத்து டிவியை அமுக்க வேண்டும் என்று எல்லா டிவியையும் 'விவிட்' என்ற பளபளப்பில் விடுவார்கள். வெள்ளை எல்லாம் நீலம் அடிக்கும். படத்துக்கென்று உள்ள கணக்கு 6500 கெல்வின், கொஞ்சம் வெதுவெதுப்பான வெள்ளை. அதற்கு 'மூவி மோடு' என்று ஒன்று மெனுவுக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். இது போதாதென்று மோஷன் ஸ்மூத்திங் வேறு. 24 ஃபிரேமுக்கு நடுவில் டிவியே கற்பனை பண்ணிப் புது ஃபிரேம்களைச் செருகிக்கொள்ளும். எந்தப் படமும் நாடக மேடை ஆகிவிடும். இதை எல்லோரும் தயவுசெய்து நிறுத்துங்கள் என்று டாம் குரூஸே 2018இல் வீடியோ போட்டுக் கேட்டுக்கொண்டார். டாம் குரூஸ் சொல்லியே கேட்காத உலகம் நான் சொல்லியா கேட்கப்போகிறது? ராத்திரி பதினொரு மணிக்கு நான் மூவி மோடு வைப்பேன். மறுநாள் சாயங்காலம் அவள் சீரியல் போடும்போது, "ஏங்க, லோ வோல்டேஜா?" என்று கேட்டுக்கொண்டே விவிட்டுக்கு மாற்றிவிடுவாள். குரோசாவாவுக்கு ஒரு வெளிச்சம், மாமியார்-மருமகளுக்கு ஒரு வெளிச்சம் என்று வீடு ஒருமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கை சும்மா இருக்காது பாருங்கள். மகன் கல்யாண வீடியோ வந்துவிட்டதென்று சம்பந்தி வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போனோம். கூடத்தில் புத்தம் புது 65 இன்ச் டிவி. வாழை இலைச் சாப்பாடு முடிந்து, இரண்டு வீட்டுச் சொந்தமும் பாய் விரித்து உட்கார்ந்து வீடியோ ஆரம்பித்தது. விவிட் மோடு. மோஷன் ஸ்மூத்திங் முழு வேகத்தில். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினால் கன்னம் ஒரு பக்கமும் நாதஸ்வரம் ஒரு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகிறது. ஐயரின் கை அட்சதையை விட்டுவிட்டுத் தனியாக மிதக்கிறது. நான் எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். என் மனைவி முழங்கையால் இடித்தும் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் சம்பந்தி" என்று ரிமோட்டை வாங்கினேன்.

மூவி மோடு வைத்தேன். ஸ்மூத்திங்கை அணைத்தேன். ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்தேன். நீலம் போய், பளபளப்பு போய், படம் தன் இயல்பான நிறத்துக்கு வந்து அமைதியாக நின்றது. அந்த நேரம் பார்த்து மணவறையில் மருமகள், கழுத்திலிருந்து இடுப்பு வரை அவர்கள் போட்ட நகையோடு, 65 இன்ச் திரை முழுக்க. கூடத்தில் ஒரு சத்தம் இல்லை.

சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார். "ஏங்க, நம்ம போட்ட நகையெல்லாம் கவரிங் மாதிரி தெரியுதே?"

நான் ரிமோட்டை நீட்டியபடி பெருமையோடு சொன்னேன்: "இதுதாங்க ஒரிஜினல் கலர்."

சம்பந்தி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாக, "தொள்ளாயிரத்துப் பதினாறுங்க சம்பந்தி. பில் பீரோவுலதான் இருக்கு. எடுத்தாரச் சொல்லட்டுமா?" என்றார்.

இப்போதெல்லாம் நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனால், காபி வெளியே வருவதற்கு முன்னால் ரிமோட் உள்ளே போய்விடுகிறது.